ஏவ்பரியில அப்படி என்ன இருக்கு? அப்பா அம்மாவ கூட்டிட்டு போறவருக்கு ஒரு நீளமான பதில்

முதல்ல கேள்விய சுருக்கி சொல்லிடுறேன், புதுசா வர்றவங்களுக்கும் புரியும். ஊர்ல இருந்து அப்பா அம்மா வந்திருக்காங்க, வீடு இங்கிலாந்துல ரெடிங் பக்கம், கையில இருக்கறது ஒரே ஒரு சனிக்கிழமை. ஸ்டோன்ஹெஞ்ச்ங்கற பழைய கல்வட்டத்த பாக்க போலாம்னு இருந்தீங்க, ஆபீஸ்ல ஒருத்தர் "அத விடு, ஏவ்பரி போ, கல்ல தொட்டே பாக்கலாம், டிக்கெட்டும் கிடையாது"ன்னு குழப்பி விட்டுட்டார். போட்டோல பாத்தா பச்சைப் புல்லு, அங்கங்க ஒரு கல்லு, நடுவுல ஆடு மேயுது. இதுக்கு ஒரு நாள் செலவழிக்கணுமாங்கறது மொத கேள்வி. ரெண்டாவது, இந்த கல்வட்டமெல்லாம் நம்ம ஆளுங்க போய் கட்டினதுன்னு வாட்ஸப்ல ஒரு ஃபார்வர்ட் வந்துச்சே அது நிஜமா.

ஆனா கேள்வியோட கடைசி வரியில நீங்க போட்டது தான் நிஜமான கேள்வின்னு எனக்கு தோணுது. அப்பா தஞ்சாவூர்க்காரர், பொதுப்பணித்துறையில வாய்க்கா, ஏரிக்கரை வேலை பாத்து ரிட்டையர் ஆனவர், பெரிய கோயில பாத்து வளந்த மனுஷனுக்கு செதுக்காத கல்ல காட்டினா "இதுக்காடா இவ்வளவு தூரம்"னு கேப்பாரேன்னு பயப்படுறீங்க. அந்த பயம் வேண்டாம், ஏன்னா நீங்க காட்ட வேண்டியது கல்ல இல்ல, பள்ளத்த. இத விளக்கத்தான் இவ்வளவு நீளமா எழுதுறேன்.

என்னப் பத்தி ரெண்டு வரி. தொல்லியல் படிச்சவன், படிக்கிற காலத்துல தர்மபுரி கிருஷ்ணகிரி பக்கம் மொட்டை வெயில்ல டேப்ப புடிச்சுக்கிட்டு கல்வட்டம் அளந்திருக்கேன், அப்புறம் எல்லாரையும் மாதிரி கம்ப்யூட்டர் வேலைக்கு வந்துட்டேன். இப்ப ஸ்விண்டன்ல இருக்கேன், ஏவ்பரிக்கு பஸ்ல அரை மணி நேரம் தான், அதனால வீட்டுக்கு யார் வந்தாலும் அங்க இழுத்துட்டு போயிடுவேன், நாப்பது தடவைக்கு மேல போயிருப்பேன். நான் முறையா படிச்சது நம்ம பக்கத்து இரும்புக்காலம், இந்த ஊர் புதிய கற்காலம் படிச்சும் நடந்தும் தெரிஞ்சுக்கிட்டது தான். அத மனசுல வச்சுக்கிட்டு படிங்க.

சரி, பள்ளத்துக்கு வருவோம். ஏவ்பரிங்கறது வட்டமா ஒரு பெரிய கரை, அந்த கரைக்கு உள்பக்கமா ஒரு பெரிய அகழி, அந்த அகழியோட உள்விளிம்ப ஒட்டி கல்வட்டம், அதுக்குள்ள இன்னும் ரெண்டு சின்ன கல்வட்டம், இது எல்லாத்துக்கும் நடுவுல ஒரு ஊர். ஆமா ஊர் தான், வீடு இருக்கு, கூரை வேஞ்ச ஒரு பப் இருக்கு, ரோடு நடுவுல போகுது, பஸ் ஸ்டாப்பே வட்டத்துக்குள்ள தான். கரையோட குறுக்களவு சுமார் 420 மீட்டர், வெளி வட்டத்தோட குறுக்களவு 330 மீட்டர் சொச்சம், உள்ள அடங்குற நிலம் 28 ஏக்கர். உலகத்துலயே பெரிய கல்வட்டம்னு சொல்றது இத தான், ஸ்டோன்ஹெஞ்ச இல்ல. வெளி வட்டத்துல மட்டும் ஒரு காலத்துல நூறு கல்லு கிட்ட நின்னுருக்கு.

இப்ப நீங்க போய் பாத்தா அகழி ஆழமா தான் தெரியும், ஆனா அது தூர்ந்து போன அகழி. 1908-ல இருந்து 1922 வரைக்கும் விட்டு விட்டு தோண்டி பாத்தாங்க, புல்லுக்கு கீழ இன்னும் எவ்வளவோ ஆழம் போய் தான் அடி வந்துச்சு, மொதல்ல வெட்டினப்ப 9 மீட்டருக்கு மேல ஆழம், மேல அகலம் 20 மீட்டருக்கு மேல. அப்ப எடுத்த போட்டோல அகழிக்கு அடியில நிக்கிற ஆளு எறும்பு மாதிரி தெரியறான். இத வெட்டினது எத வச்சுன்னு நினைக்கிறீங்க? மான் கொம்பு. கடப்பாரை கிடையாது, மண்வெட்டி கிடையாது, அப்ப இந்த நாட்டுக்கு செம்பு கூட வரல, சக்கரமும் இல்ல. கொம்ப நெம்பி நெம்பி சாக்பீஸ் மாதிரி இருக்கற வெள்ளைப் பாறைய பேத்து எடுத்திருக்காங்க, உடைஞ்ச கொம்பு அடியில கிடச்சிருக்கு. பேத்தத கரையா கொட்டியிருக்காங்க. இன்னைக்கு புல்லு மூடி பச்சையா இருக்கற கரை அன்னைக்கு சுண்ணாம்பு அடிச்ச சுவரு மாதிரி வெள்ளையா பளீர்னு நின்னிருக்கும்.

அப்பாகிட்ட இந்த அளவ மட்டும் சொல்லிட்டு சும்மா இருங்க. சுத்தளவு ஒரு கிலோமீட்டருக்கு மேல, மேல அகலம் 20 சொச்சம், அடியில நல்லா குறுகிடும், ஆழம் 9 மீட்டர். வாய்க்கா வேலை பாத்தவர், மனசுக்குள்ளயே குறுக்குவெட்டு போட்டுடுவார். ஒரு லட்சம் கனமீட்டருக்கு மேல வரும். அப்புறம் அவரே கேப்பார், மண்ண எப்படி ஏத்தினான், எத்தன ஆளு, எத்தன வருஷம், கரை ஏன் சரியலன்னு. அவ்வளவு தான், அதுக்கப்புறம் உங்களுக்கு வேல இல்ல.

அவர் இன்னொன்னையும் கவனிச்சுடுவார், நான் கூட்டிட்டு போனவங்கள்ல முக்காவாசி பேரு கவனிக்காத விஷயம். கோட்டைக்கு அகழி எங்க இருக்கும்? மதிலுக்கு வெளியில. வர்றவன் மொதல்ல தண்ணிய தாண்டணும், அப்புறம் செவுரு ஏறணும். இங்க தலைகீழ், கரை வெளியில, அகழி உள்ள. இத வச்சு எதிரிய தடுக்க முடியாது. அப்ப இது பாதுகாப்புக்கு வெட்டினது இல்லன்னு உறுதியா சொல்லலாம். உள்ள நடக்கறத வெளியில இருந்து மறைக்கவா, இல்ல கரை மேல கூட்டமா நின்னு பாக்கவா, இல்ல உள்ள இருக்கறது எதுவோ வெளிய வந்துடக்கூடாதுன்னா, இதுல எது சரின்னு அடிச்சு சொல்றவர் யாரா இருந்தாலும் அவர் ஊகம் தான் சொல்றார். வேடிக்கை என்னன்னா ஸ்டோன்ஹெஞ்ச்ல அகழி வெளிப்பக்கம் தான் இருக்கு, "ஹெஞ்ச்"ங்கற பேரே அங்க இருந்து வந்தாலும் தொல்லியல்காரங்க கணக்குல வட்டக் கரைக்கு உள்பக்கமா அகழி இருந்தா தான் ஹெஞ்ச், அதனால அது முறையான ஹெஞ்ச் கிடையாது, ஏவ்பரி தான் முறையான ஹெஞ்ச்.

இனிமே கல்லு. இந்த கல்லு எதுவும் ரொம்ப தூரத்துல இருந்து வரல, கிழக்கால தெரியற மார்ல்பரோ குன்றுகள்ல இயற்கையா கிடக்குற சார்சன்ங்கற மணற்பாறை வகை, ரொம்ப கடினம். இன்னைக்கும் அந்த பக்கம் ஃபைஃபீல்ட் டவுன்ல நடந்தா பள்ளத்தாக்குல சிதறிக் கிடக்கும், தூரத்துல இருந்து படுத்திருக்குற ஆட்டு மந்தை மாதிரி தெரியறதால ஊர்க்காரங்க ஆட்டுப் பேருலயே கூப்பிடுறாங்க. ஏவ்பரியில அத செதுக்கல, கிடச்ச உருவத்துலயே தூக்கி நிறுத்திட்டாங்க. ஸ்டோன்ஹெஞ்ச்ல தான் செதுக்கி, மேல படுக்கை கல்லு வச்சு, தச்சு வேலையில பண்ற மாதிரி குமிழும் குழியுமா பொருத்தி வச்சாங்க. அந்த ஸ்டோன்ஹெஞ்சோட பெரிய கல்லும் பெரும்பாலும் ஏவ்பரிக்கு பக்கத்து காடான வெஸ்ட் வுட்ஸ்ல இருந்து போனதுன்னு 2020-ல பாறையோட வேதியியல வச்சு கண்டுபிடிச்சாங்க. அதாவது அந்த கல்லுங்களுக்கு தாய் வீடு இந்த பக்கம் தான்.

வடக்கு வாசல்ல, ரோட்ட ஒட்டினாப்புல, வைரம் மாதிரி மூலைய ஊனி நிக்குற ஒரு கல்லு இருக்கு, ஸ்விண்டன் கல்லுன்னு பேரு, 60 டன்னுக்கு மேல இருக்கும்னு கணக்கு, நட்டதுல இருந்து விழாம நிக்குது. கார் அதுக்கு கைக்கெட்டற தூரத்துல போகும், எனக்கு ஒவ்வொரு தடவையும் பக்குனு இருக்கும், கல்லுக்காக இல்ல, காருக்காக. கிட்ட போய் உள்ளங்கைய வையுங்க. வெயில் நாள்ல கூட ஒரு பக்கம் ஜில்லுனு இருக்கும், சொரசொரன்னு, அங்கங்க விரல் நுழையற அளவு ஓட்டை, ஓட்டைக்குள்ள மழைத்தண்ணி, மேல சாம்பலும் ஆரஞ்சுமா படிஞ்ச பாசி. அந்த பாசிய சுரண்டாதீங்க, ஒரு அங்குலம் வளர பல வருஷம் ஆகும். தெற்கு வாசல்ல ஒரு கல்லுல இயற்கையாவே நாற்காலி மாதிரி ஒரு குடைவு இருக்கு, சாத்தான் நாற்காலின்னு பேரு, அம்மாவ உக்கார வச்சு போட்டோ எடுக்கணும்னா அது தான் இடம்.

ஒரு உண்மைய மறைக்க கூடாது. நீங்க பாக்குற கல்லுல நிறைய 1930கள்ல தூக்கி நிறுத்தினது. நடுவுல நடந்த கதைய சொன்னா தான் புரியும். 1300கள் வாக்குல ஊர்க்காரங்க பல கல்ல பக்கத்துலயே குழி தோண்டி சாய்ச்சு பொதச்சுட்டாங்க, சர்ச் காரணமா இருக்கலாம்னு சொல்றாங்க, விவசாயத்துக்கு இடைஞ்சல்னும் இருக்கலாம், எழுதி வச்ச சாட்சி ஒண்ணும் இல்ல. அப்படி சாய்ச்ச ஒரு கல்லுக்கு அடியில 1938-ல ஒரு எலும்புக்கூடு கிடச்சுது, கூடவே கத்திரிக்கோலு, ரண வைத்தியம் பண்ற ஊசி மாதிரி ஒரு கருவி, 1320கள ஒட்டின காசு. நாவிதரா இருந்து வைத்தியமும் பாத்தவரா இருக்கும், கல்லு சாயும்போது அடியில மாட்டி செத்துட்டார்னு ரொம்ப நாளா கதை ஓடிச்சு. உலகப்போர்ல லண்டன்ல குண்டு விழுந்து அந்த எலும்பே அழிஞ்சு போச்சுன்னு நினைச்சிருந்தாங்க, 1990கள் கடைசியில பாத்தா வேற மியூசியத்துல பத்திரமா இருந்திருக்கு, மறுபடி ஆராஞ்சப்ப நசுங்கி செத்ததுக்கு அடையாளமே இல்ல, முன்னாடியே செத்தவர அங்க பொதச்சிருக்கலாம்னு ஆகிப்போச்சு. இன்னைக்கும் பல கைடு நசுங்கின கதைய தான் சொல்றாங்க, அது தான் சுவாரசியமா இருக்குல்ல.

அப்புறம் 1600, 1700கள்ல பொதைக்கறதெல்லாம் போயி உடைக்க ஆரம்பிச்சுட்டாங்க. கல்லுக்கு அடியில குழி வெட்டி, வைக்கோல் போட்டு நெருப்பு மூட்டி, நல்லா சூடேறினதும் தண்ணிய ஊத்தி சம்மட்டியால போட்டா பிளந்துக்கும், நம்ம ஊர்ல பாறை உடைக்கிறவங்களுக்கு புதுசு இல்ல. அந்த துண்டுல தான் வீடு கட்டினாங்க, பப் சுவத்தையும் சுத்தி இருக்கற வீட்டு சுவத்தையும் உத்து பாருங்க, கல்வட்டம் பாதி அங்க தான் இருக்கு. இதெல்லாம் நடக்கும்போதே பாத்து பதறி படம் வரைஞ்சு வச்சவர் வில்லியம் ஸ்டக்லி, 1720கள்ல வருஷா வருஷம் வந்து எந்த கல்லு எங்க இருந்துச்சுன்னு குறிச்சார். அவருக்கும் முன்னாடி ஜான் ஆப்ரி, 1649 ஜனவரியில வேட்டைக்கு வந்தவர் தற்செயலா இதுக்குள்ள நுழைஞ்சு அசந்து போனார், பெரிய கதீட்ரலுக்கும் சாதாரண ஊர் சர்ச்சுக்கும் எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரம் ஏவ்பரிக்கும் ஸ்டோன்ஹெஞ்சுக்கும்னு எழுதினவர் அவர் தான்.

கடைசியா வந்தவர் அலெக்ஸாண்டர் கெய்லர், ஆரஞ்சு மார்மலேட் வித்த குடும்பத்து சொத்துக்கு வாரிசு. ஜாம் காசுல நிலத்த வாங்கி, 1937-ல இருந்து 1939 வரைக்கும் மேற்குப் பாதியில பொதஞ்சு கிடந்த கல்ல தோண்டி எடுத்து பழைய குழியிலயே நட்டார், உடைஞ்சு போன கல்லு இருந்த இடத்துல சின்னதா ஒரு கான்கிரீட் முளை வச்சார். போர் வந்துச்சு, வேலை நின்னுச்சு, 1943-ல பழைய இடங்கள பாதுகாக்குற அமைப்பான நேஷனல் ட்ரஸ்டுக்கு வித்துட்டார். அதனால தான் மேற்குப் பக்கம் கல்லு வரிசையா நிக்குது, கிழக்குப் பக்கம் வெறும் புல்லா இருக்கு. வெறும் புல்லுன்னு நம்பிடாதீங்க, 2003-ல தோண்டாமலே கருவிய வச்சு பாத்ததுல குறைஞ்சது 15 கல்லு இன்னும் மண்ணுக்குள்ள படுத்துக் கிடக்குன்னு தெரிஞ்சுது. அப்பாம்மாவோட கிழக்குப் பக்கம் நடக்கும்போது காலுக்கு கீழ கல்லு இருக்குன்னு சொல்லிப் பாருங்க, நடை மாறிடும்.

எது உறுதி, எது இல்லன்னு பிரிச்சு சொல்லிடுறேன், கூட்டிட்டு போற புள்ளைக்கு அது தேவப்படும். கி.மு. 3000-க்கு கொஞ்சம் பின்னாடி ஆரம்பிச்சு கி.மு. 2200 வாக்குல வரைக்கும் தலைமுறை தலைமுறையா கட்டினது, ஒரே மூச்சுல கட்டினது இல்ல, இது உறுதி. மண்ணு முதல்ல வந்துச்சா கல்லு முதல்ல வந்துச்சாங்கறதுல இன்னும் சண்ட இருக்கு, கல்லுக்கு நேரா வயசு பாக்க முடியாதுங்கறது தான் பிரச்சனை. உசரமான கல்லு ஆணு, அகலமான கல்லு பெண்ணு, மாத்தி மாத்தி நட்டிருக்காங்கன்னு போர்டுலயும் புத்தகத்துலயும் பாப்பீங்க, அது கெய்லர் காலத்து ஊகம், எனக்கு அதுல நம்பிக்கை இல்ல, செதுக்காத கல்லுல எத வேணாலும் பாக்கலாம். கம்பிய வளச்சு கையில புடிச்சுட்டு "சக்தி அலை" தேடிட்டு நாலு பேர் நடப்பாங்க, நல்ல மனுஷங்க தான், சிரிச்சு வணக்கம் வச்சுட்டு நகந்துடுங்க.

ஊகம்னு தள்ளிவிட்டது நிஜமானதும் உண்டு, அதையும் சொல்லணும். ஊர்ல இருந்து தென்கிழக்கால ரெண்டரை கிலோமீட்டருக்கு ரெண்டு பக்கமும் ஜோடி ஜோடியா கல்லு நட்ட ஒரு வீதி போகுது, வெஸ்ட் கென்னட் அவென்யூ. இதே மாதிரி மேற்குப் பக்கமும் ஒரு வீதி இருந்துச்சுன்னு ஸ்டக்லி எழுதினார். ரெண்டையும் சேத்து இது ஒரு பெரிய பாம்பு உருவம்னும் எழுதிட்டார், அதனால அந்த மனுஷன் சொன்னது எல்லாமே கற்பனைன்னு ரொம்ப பேரு ஒதுக்கிட்டாங்க. 1999-ல தோண்டினா அவர் சொன்ன இடத்துலயே மேற்கு வீதியோட கல்லும் குழியும் வந்துச்சு. பாம்பு கற்பனை, வீதி நிஜம். நான் தொல்லியல் படிக்கும்போது எங்க வாத்தியார் அடிக்கடி சொல்வார், கிறுக்கன் எழுதினாலும் அவன் போட்ட ஸ்கெட்ச்ச தூக்கிப் போடாதேன்னு.

வாட்ஸப் விஷயம். நம்ம ஊர்லயும் கல்வட்டம் ஆயிரக்கணக்குல இருக்கு, செங்கல்பட்டு, கிருஷ்ணகிரி, கொங்கு பக்கம் எங்க வேணாலும் பாக்கலாம், அது நிஜம். ஆனா நம்மளோடது இரும்புக்கால ஈமச்சின்னம். கல்லுக் குவியல சுத்தி வட்டமா குண்டு கல்லு, கீழ கல்லறையோ தாழியோ, உள்ள எலும்பு, கருப்பு சிவப்பு பானை, இரும்பு வாளு. சில மீட்டர் குறுக்களவு தான் இருக்கும், பத்து மீட்டர தாண்டினா பெருசு. ஏவ்பரி சுடுகாடு இல்ல, இரும்பும் இல்ல, நம்மளோடதுல பெரும்பாலானதுக்கு ஆயிரம் வருஷத்துக்கு மேலயே மூத்தது. ரெண்டுக்கும் உறவு இருக்குன்னு காட்ட ஒரு பானைத்துண்டு கூட கிடையாது. இந்த குழப்பம் வாட்ஸப் ஆரம்பிச்சதும் இல்ல, 1850, 60கள்ல மெடோஸ் டெய்லர்னு ஒரு வெள்ளக்கார அதிகாரி தக்காணத்துல கல்வட்டத்த தோண்டிப் பாத்துட்டு இது எங்க ஊர் மாதிரியே இருக்கேன்னு ரெண்டையும் முடிச்சு போட்டு எழுதினார். வட்டமா கல்லு நடறது எந்த ஊர் மனுஷனுக்கும் தோணும், நடுவுல ஒருத்தன் நின்னு கயிறு புடிச்சா போதும்.

சரி நம்ம ஆளு இல்ல, அப்ப இங்கிலீஷ்காரனோட முப்பாட்டனான்னு கேட்டா அதுவும் பெருசா இல்லங்க. பழைய எலும்புல டிஎன்ஏ எடுத்து 2018-ல ஒரு பெரிய ஆராய்ச்சி வந்துச்சு. கி.மு. 2450 வாக்குல இருந்து ஐரோப்பாக் கண்டத்துல இருந்து புது கூட்டம் வந்து, சில நூறு வருஷத்துல இந்த தீவு மக்களோட பரம்பரையில 90 சதவீதம் கிட்ட மாறிப்போச்சு. கல்ல நட்டவங்க அதுக்கு முன்னாடி இருந்த விவசாயிங்க, அவங்களோட பூர்வீகம் துருக்கி பக்கம். எப்படி காணாம போனாங்க, நோயா, சண்டையா, மெல்ல கரைஞ்சுட்டாங்களா, முடிவு ஆகல. வாட்ஸப் குரூப்புல இத போட்டீங்கன்னா யாருக்கும் பிடிக்காது.

இப்ப நாள எப்படி ஓட்டறதுன்னு. ரெடிங்ல இருந்து எம்4-ல மேற்கால வந்து 15-ஆம் ஜங்ஷன்ல இறங்கி மார்ல்பரோ வழியா ஏ4 புடிங்க. வெஸ்ட் கென்னட்ல வலது பக்கம் பி4003 பிரியும், அந்த சின்ன ரோடு கல்லு வீதிய ஒட்டியே போயி ஊருக்குள்ள விடும், கார்ல போறவங்களுக்கு அத விட நல்ல வாசல் கிடையாது. கார் பார்க் காசு உண்டு, நேஷனல் ட்ரஸ்ட் மெம்பரா இருந்தா ஃப்ரீ, கல்வட்டத்துக்கு டிக்கெட் இல்ல, கேட் இல்ல, எந்நேரமும் போகலாம். கார் இல்லன்னா ரயில்ல ஸ்விண்டன் வந்து 49-ஆம் நம்பர் பஸ், டைம் மட்டும் பாத்துட்டு வாங்க.

காலைல பத்து மணிக்குள்ள வந்துட்டா கூட்டம் இருக்காது. அம்மாவுக்கு முட்டி வலின்னு எழுதியிருக்கீங்க, அதனால கரை மேல ஏத்தாதீங்க, மேல போற தடம் மழை பெஞ்சா சோப்பு போட்ட மாதிரி வழுக்கும், நான் மொத தடவை ஆபீஸ் ஷூவோட ஏறி, உக்காந்த வாக்குலயே அகழி அடி வரைக்கும் வந்தேன், பேண்ட் பூரா வெள்ள சேறு. உள்பக்கம் புல்லு சமதளம், அம்மா தாராளமா நடக்கலாம், ஆட்டுப் புழுக்க தான் பாத்து மிதிக்கணும். அப்பாவ மட்டும் ஒரு இடத்துல கரை ஏத்தி, மேல இருந்து அகழிய எட்டிப் பாக்க விடுங்க. மதியம் புளிசாதம் கொண்டு வந்திருந்தா கல்லு நிழல்ல உக்காந்து சாப்பிடலாம், யாரும் எதுவும் சொல்ல மாட்டாங்க, ஆடு மட்டும் கிட்ட வரும்.

சாப்பிட்டுட்டு கல்லு வீதியில அரை கிலோமீட்டர் நடங்க, முழுசும் வேண்டாம். அதுல ஒரு கல்லுல வழவழன்னு ஒரு தேய்மானமும் கோடு கோடா பள்ளமும் இருக்கும், தொட்டு தேடுங்க, கண்ணுக்கு முன்னாடி விரலுக்கு தெரியும். நட்டறதுக்கும் முன்னாடியே அந்த கல்லு சும்மா கிடந்தப்ப கல்கோடாலிய அதுல தேச்சு தீட்டியிருக்காங்க. எங்க பாட்டி வீட்டு கிணத்தடியில துவைக்கிற கல்லோட ஓரத்துல அருவாள தீட்டி தீட்டி ஒரு பளபளப்பு இருக்கும், அச்சு அசல் அதே தான். எங்க அம்மா வந்தப்ப ஏவ்பரியில ஞாபகம் வச்சுக்கிட்டது அந்த ஒரு கல்ல மட்டும் தான்.

அப்புறம் கார எடுத்து ஏ4-க்கு வந்தா சில்பரி ஹில், இது மலை இல்ல, கி.மு. 2400 வாக்குல மனுஷன் கொட்டின மேடு, 30 மீட்டர் உசரம், ஐரோப்பாவுலயே பெருசு. உள்ள ராஜா இருப்பான் தங்கம் இருக்கும்னு 1776-ல மேல இருந்து கிணறு மாதிரி இறங்கினாங்க, 1849-ல பக்கவாட்டுல சுரங்கம் போட்டாங்க, 1968-ல மறுபடி சுரங்கம், டிவியில வேற காட்டினாங்க. ஒண்ணுமே இல்ல, மண்ணு தான். பழைய துவாரத்த சரியா அடைக்காததால 2000-ல உச்சியில குழி விழுந்துச்சு, அப்புறம் உள்ள இருக்கற ஓட்டையெல்லாம் அடைச்சு சரி பண்ணாங்க. எதுக்கு கொட்டினாங்கன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. மேல ஏற அனுமதி இல்ல, கீழ நின்னு பாத்தா போதும்.

எதிர்ப்பக்கம் வயலுக்கு நடுவுல ஏத்தமா ஒரு கிலோமீட்டருக்கு உள்ள நடந்தா வெஸ்ட் கென்னட் லாங் பாரோ, கல்லறை, இது கி.மு. 3650 வாக்குல கட்டினது, ஏவ்பரி கல்லுக்கெல்லாம் பாட்டன். 100 மீட்டர் நீள மண்மேடு, வாசல்ல பெரிய கல்லு, அதுக்கு பின்னாடி நுழைஞ்சா அஞ்சு அறை. குறைஞ்சது 36 பேரோட எலும்பு இருந்துச்சு, நூத்துக்கணக்கான வருஷம் பொதச்சிருப்பாங்கன்னு நினைச்சாங்க, புதுசா தேதி பாத்தப்ப எல்லாரையும் ஒண்ணு ரெண்டு தலைமுறைக்குள்ள வச்சு முடிச்சிருக்காங்கன்னு தெரிஞ்சுது. நம்ம பக்க கல்திட்டை பாத்தவங்களுக்கு உள்ள நுழைஞ்ச உடனே ஒரு பழக்கம் தெரியும், அடுக்கின சுவரு, மேல பலகைக் கல்லு, குளிர்ச்சி, ஈர மண்ணு வாசம். விளக்கு கிடையாது, போன் வெளிச்சம் பத்தாது, டார்ச் வேணும். குளிர்காலத்துல கீழ இருக்குற கென்னட் ஓடை பெருகி பாதை நொதநொதன்னு ஆயிடும். அம்மாவால முடியலன்னா கார்ல இருக்கட்டும், அப்பாவும் நீங்களும் முக்கா மணி நேரத்துல போயிட்டு வந்துடலாம்.

ஸ்டோன்ஹெஞ்ச் வேண்டவே வேண்டாம்னு நான் சொல்லல. ஊருக்கு போனா சொந்தக்காரங்க "ஸ்டோன்ஹெஞ்ச் பாத்தீங்களா"ன்னு தான் கேப்பாங்க, ஏவ்பரின்னா யாருக்கும் தெரியாது, அந்த போட்டோ தான் முக்கியம்னா தாராளமா அங்க போங்க, தப்பே இல்ல, அந்த மேல்கல்ல பொருத்தின வேலை நிஜமாவே அபாரம். கயித்துக்கு இந்தப் பக்கம் நின்னு சுத்தி வந்துட்டு பஸ் ஏறிடுவீங்க, ரெண்டு மணி நேர வேல. ரெண்டையும் ஒரே நாள்ல பாக்கலாமான்னா கார்ல முக்கா மணி நேரம் தான், முடியும், ஆனா அம்மா முட்டிக்கும் உங்க பொறுமைக்கும் நான் சிபாரிசு பண்ண மாட்டேன்.

போயிட்டு வந்து, அகழிக்கு அப்பா போட்ட கணக்கு எத்தன கனமீட்டர் வந்துச்சு, ஒரு ஆளு ஒரு நாளைக்கு எவ்வளவு வெட்டுவான்னு அவர் வச்சாருன்னு இங்க வந்து போடுங்க. என் கணக்க வாய்க்கா வேலை தெரிஞ்ச ஒருத்தர் சரிபாக்கணும்னு ரொம்ப நாளா நினைச்சிட்டு இருக்கேன்.